படத்தில் நிற்பவர்க்குப் பங்கு எங்கே?

எமது பாடசாலையில் கற்பிக்கும் ஆசிரியை ஒருவர் அண்மையில் இங்கிலாந்து சென்று திரும்பினார். அங்கே குடியேறி வாழும் தமையனின் குடும்பத்தைக் காணச் சென்ற பயணம் அது. அவர் திரும்பி வந்த வாரத்தில், இடைவேளை நேரத்தில், ஆசிரியர் அறை மேசையைச் சுற்றி நாம் ஏழெட்டுப் பேர் கூடி நின்றோம். கைத்தொலைபேசியிலே படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நகர்ந்தன. தேம்ஸ் நதியின் பாலம், அரும்பொருட்சாலையின் வாசல், பனி படிந்த தெரு, தமையனின் பிள்ளைகள், மீண்டும் அதே பாலம். பயணம் போய் வந்தவர் படம் காட்டுவதும் போகாதவர் பார்த்து மகிழ்வதும் எங்கும் உள்ள வழக்கமே. மணி அடிப்பதற்குள் எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்ற அவசரம் ஒன்றே அன்று எமக்கு இருந்தது.

படங்கள் முடிந்ததும் அவர் தமது கைப்பையிலிருந்து ஒரு காகித உறையை எடுத்தார். உள்ளே மூன்று பழைய கறுப்பு வெள்ளைப் படங்கள். அந்நாட்டுத் துறைமுக நகர் ஒன்றின் பழம்பொருட் சந்தையில், பெட்டியொன்றில் குவிந்து கிடந்தவற்றுள், எமது ஊரின் பெயரைக் கண்டு வாங்கி வந்தவை அவை. ஒன்றிலே கோட்டைக்குள் மேயும் புள்ளிமான்கள். இன்னொன்றிலே கோணமாமலையின் பாறை விளிம்பில் தொப்பியணிந்து சிரித்து நிற்கும் நான்கு வெள்ளை மாலுமிகள். மூன்றாவது படத்திலே, சிறு வள்ளமொன்றில், வெள்ளைத் துணிப் பொதியைத் தோளிற் சுமந்தபடி ஒரு மனிதர் நிற்கிறார். அவருக்குப் பின்னால் சாம்பல் நிறக் கப்பலின் பக்கச் சுவர் வானத்தை மறைத்து உயர்ந்திருக்கிறது. அவர் கமராவை நேராகப் பார்க்கிறார். சிரிக்கவில்லை.

படத்தின் பின்புறத்தில் பென்சிலால் மூன்று செய்திகள் எழுதப்பட்டிருந்தன: ஊரின் பெயர், 1944 என்ற ஆண்டு, சலவை செய்பவர் என்று பொருள்படும் ஒரு சொல். மனிதரின் பெயர் இல்லை.

அந்தச் சொல்லே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது. பகிர்தல் என்பதும் பங்கு என்பதும் 'பகு' என்னும் ஒரே அடியிற் பிறந்தவை. பயணப் படங்களைப் பகிர்ந்துகொள்கிறோம் என்று எளிதாகச் சொல்கிறோம். யார் யாரோடு பகிர்ந்தனர்? படத்தில் நின்றவருக்குக் கிடைத்த பங்கு யாது? இக்கேள்வி பண்புநலன் பற்றிய கேள்வி மட்டுமன்று, வரலாற்றுக் கேள்வியுமாகும்.

*

ஒளிப்படக்கலை 1839இல் உலகறிய வெளிப்பட்டது. ஆயினும் தொடக்க காலத்தில் அது பாரமான பெட்டியும் கண்ணாடித் தகடும் இரசாயனக் குப்பிகளும் சுமந்து செல்லும் தொழில் வல்லுநர்க்கே உரியதாயிருந்தது. ஆகவே இலங்கைக்கு வந்த பயணிகள் தாமே படம் பிடிக்கவில்லை, விலைகொடுத்து வாங்கினர். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஸ்கீன், ஸ்கோவன் முதலிய படப்பிடிப்பு நிலையங்கள் இத்தீவின் காட்சிகளை அச்சிட்டு விற்றன. 1890இல் தொடங்கிய பிளாட்டே நிறுவனம் படத் தபாலட்டைகளாற் பெயர்பெற்றது. 1869இல் சுயெஸ் கால்வாய் திறக்கப்பட்டபின் ஐரோப்பாவுக்கும் கீழைத்தேயத்துக்கும் இடையே சென்ற கப்பல்களுக்குக் கொழும்பு முக்கிய தங்குமிடமாயிற்று. இறங்கிய பயணிக்குக் கையிலெடுத்துச் செல்ல ஒரு படத்தொகுப்பு வேண்டியிருந்தது. யானை, தென்னை, தேயிலைத் தோட்டம், பாழடைந்த தாதுகோபம் என்பவற்றோடு மனிதரும் அதில் இடம்பெற்றனர். ஆனால் மனிதராகவன்று, மாதிரிகளாக: தமிழ்ப் பெண், சிங்களத் தலைவர், கொழுந்து பறிக்கும் கூலி. பூச்சியியல் மாணவர் பூச்சிகளை அட்டையிற் குத்திப் பெயரிடுவது போன்றதே இம்முறை.

கலையுள்ளம் படைத்தோரும் இப்பார்வைக்கு முற்றிலும் தப்பினாரல்லர். புகழ்பெற்ற ஆங்கிலப் படக்கலைஞர் ஜூலியா மார்கரட் கமரன் 1875இல் இலங்கைக்கு வந்து, 1879இல் இங்கேயே மறைந்தார். கோப்பித் தோட்டங்களில் முதலிட்ட குடும்பம் அவருடையது. இங்கிலாந்தில் டார்வினையும் டெனிசனையும் கார்லைலையும் அவர் எடுத்த படங்கள் அவ்வவர் பெயராலேயே வழங்குகின்றன. இலங்கையில் அவர் எடுத்தவற்றுள் எஞ்சியவை மிகச் சில. அவற்றில் நிற்கும் தோட்டத் தொழிலாளரின் முகங்களில் அந்த மேதையின் கையொளி குறைவின்றிப் படிந்திருக்கிறது. ஆயினும் 1878ஆம் ஆண்டுப் படமொன்று 'களுத்துறைக் குடியானவர் கூட்டம்' என்றே பெயர் பெற்றது. முகத்தைக் கண்ட கலைஞர் பெயரைக் கேட்கவில்லை. அது தனி ஒருவரின் குற்றமன்று. உழைப்பவன் ஆளாகவன்றி ஆள்கணக்காகவே கருதப்பட்ட ஒரு பொருளாதார அமைப்பின் இயல்பு அது.

1888இல் கொடாக் கமரா விற்பனைக்கு வந்தது. நூறு படங்களுக்கான சுருள் அதனுள்ளே பொருத்தப்பட்டிருந்தது. சுருள் முடிந்ததும் பெட்டியோடு ஆலைக்கு அனுப்பிவிடலாம். 1900இல் ஒரு டொலர் விலையில் பிரவ்னி கமரா வந்தது. அன்றுதொட்டுப் பயணி எவரும் தாமே படம் பிடிப்பவராயினர். கண்ணாடித் தகட்டுக் காலத்தில் சீமானுக்கே வாய்த்த உரிமை, சாதாரண எழுதுவினைஞனுக்கும் மாலுமிக்கும் கிடைத்தது. இது ஒரு பெரும் சனநாயக மாற்றமே. அதனை மறுத்தல் கூடாது. ஆனால் அது கமராவுக்குப் பின்னால் நின்றவர்க்குக் கிடைத்த சனநாயகம். முன்னால் நின்றவரின் நிலை அவ்வாறே இருந்தது.

*

ஆசிரியராகிய நாம் சிறப்பாக அறிய வேண்டிய ஓர் அத்தியாயம் இவ்வரலாற்றில் உண்டு. பயணப் படங்களைப் பகிர்வது அரசாங்கத்தின் கல்வித் திட்டமாகவே நடைபெற்ற காலம் அது.

1902இல் பிரித்தானியக் குடியேற்ற நாட்டு அமைச்சின் ஆதரவில் காட்சிவழிக் கல்விக் குழு ஒன்று அமைக்கப்பட்டது. மாயவிளக்கு என்னும் கருவியால் கண்ணாடிப் படங்களைத் திரையில் வீழ்த்தி, பேரரசின் பிள்ளைகளுக்குப் பேரரசைக் காட்டுவதே அதன் நோக்கம். புவியியலறிஞர் ஹல்போர்ட் மக்கிண்டர் அதற்கான விரிவுரைகளை எழுதினார். 1905இல் வெளிவந்த முதல் விரிவுரைத் தொகுதி யாருக்காக, எதைப் பற்றி என்பது கவனிக்கத்தக்கது. இலங்கை, மலாயாவின் நீரிணைக் குடியேற்றங்கள், ஹொங்கொங் ஆகிய இடங்களின் மாணவர்களுக்காக, பிரித்தானியாவைப் பற்றி எழுதப்பட்டது அது. எமது பாட்டன்மார் தமது அயற்கிராமத்தின் படத்தைப் பாடசாலையிற் காண்பதற்கு முன்னரே, இலண்டன் மாநகரின் படத்தைக் காண ஏற்பாடாயிற்று.

மறுதிசைக்கான ஏற்பாடும் நடந்தது. 1907இல் ஹியூ பிஷர் என்னும் ஓவியர் கமராவுடன் புறப்பட்டார். மூன்றாண்டுக் காலம் பேரரசின் பல பகுதிகளிற் சுற்றினார். இலங்கை, இந்தியா, பர்மா ஆகியவை அவரது முதற் பயணத்திலேயே அடங்கின. எவற்றைப் படமாக்க வேண்டும் என்று மக்கிண்டர் அவருக்கு அறிவுறுத்தியிருந்தார். நாட்டினதும் மக்களினதும் இயல்பான தோற்றம் ஒன்று. அதன்மேல் பிரித்தானிய ஆட்சி சேர்த்த தோற்றம் மற்றொன்று. இவ்விரண்டும் வேண்டும் என்பதே அவ்வறிவுரையின் சாரம்.

பழமை சுதேசியினுடையது, பாலமும் புகையிரதமும் வெள்ளையனுடையவை. இதுவே அப்படங்கள் சொல்லாமற் சொல்லிய பாடம். பாலத்துக்குக் கல் சுமந்த தோள் எவருடையது, தண்டவாளம் பதித்த கை எவருடையது என்பதற்கு அந்தப் பகுப்பிலே இடமில்லை. உழைப்பு இடையிலே தொலைந்துபோயிற்று. ஏகாதிபத்தியம் துப்பாக்கியால் மட்டுமன்றி, பள்ளிக்கூடத் திரையில் விழுந்த ஒளியாலும் தன்னை நிலைநிறுத்தியது.

*

இனி எமது ஊருக்கு வருவோம்.

கொழும்பு, கண்டி, நுவரெலியா, அநுராதபுரம் என்பதே பழைய உல்லாசப் பயணியின் வழி. கீழ்க்கரையில் ஒதுங்கிக் கிடந்த திருகோணமலைக்கு 1920களின் இறுதியிலேதான் புகையிரதம் வந்தது. ஆகவே இவ்வூரின் பயணப் படங்கள் பெரும்பாலும் உல்லாசப் பயணியின் படங்களல்ல, கடற்படையாளின் படங்கள்.

அதற்குக் காரணம் துறைமுகம். மலைகளால் அணைக்கப்பட்ட ஆழமான இயற்கைத் துறைமுகம் இது. போர்த்துக்கீசர் 17ஆம் நூற்றாண்டின் இருபதுகளில் கோணேசர் கோயிலை இடித்து, அக்கற்களைக் கொண்டு கோட்டை கட்டினர். பாண்டியரின் இணைக்கயற் சின்னம் பொறித்த கல் இன்றும் கோட்டை வாசலிலே நிற்கின்றது. 1639இல் ஒல்லாந்தர் கைப்பற்றினர். 1782ஆம் ஆண்டு ஒன்றிலேயே ஆங்கிலேயரும் பின்னர் பிரெஞ்சுக்காரரும் இதனைப் பிடித்தனர். 1795இல் மீண்டும் ஆங்கிலேயர் கைக்கு வந்தது. இவ்வாறு கைமாறிய ஒவ்வொரு முறையும், பொருளை ஏற்றியதும் இறக்கியதும் கல் சுமந்ததும் இவ்வூரின் உழைக்கும் மக்களே.

இரண்டாம் உலகப் போர் இத்துறைமுகத்தை உலகின் கண்முன் கொணர்ந்தது. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி யப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கின. அன்றே ஹேர்மிஸ் என்னும் விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக் கடலில் மூழ்கியது. 1944இல் பிரித்தானியரின் கிழக்குக் கடற்படை இங்கே நிலைகொண்டது. பிரித்தானியக் கப்பல்களோடு சரட்டோகா என்னும் அமெரிக்க விமானந்தாங்கியும், ரிஷலியு என்னும் பிரெஞ்சுப் போர்க்கப்பலும், ஒல்லாந்தரின் கப்பல்களும் அவ்வாண்டின் வசந்தத்தில் இங்கே கூடின. ஏப்ரல் 19ஆம் திகதி சுமாத்திராவின் சபாங் துறைமுகத்தின்மீது நடந்த தாக்குதல் இங்கிருந்தே புறப்பட்டது. அதே ஆண்டு ஓகஸ்ட் 8ஆம் திகதி, வலியன்ற் என்னும் பெருங்கப்பலைத் தாங்கியிருந்த மிதக்கும் செப்பனிடு துறை உடைந்து மூழ்கியது.

இருபது வயதுகூட நிரம்பாத பையன்கள் ஆயிரக்கணக்கில் இங்கே தங்கினர். கிளாஸ்கோவிலோ லிவர்பூலிலோ தொழிலாளர் குடியிருப்பிற் பிறந்து, போரினால் உலகின் மறுகோடிக்கு எறியப்பட்டவர்கள் அவர்களுட் பலர். அவர்களது முதல் வெளிநாட்டுப் பயணம் அதுவே. சிலருக்கு இறுதிப் பயணமும் அதுவே. நிலாவெளி வீதியிலுள்ள போர் மயானத்துக் கற்கள் அதற்குச் சான்று. அவர்களை வெறுப்பதற்கு எமக்கு எக்காரணமும் இல்லை.

போர்க்காலத்தில் கப்பல்களையும் துறைமுக அமைப்புக்களையும் படம் பிடிப்பதற்குக் கட்டுப்பாடுகள் இருந்தன. கடிதங்கள் தணிக்கைக்கு உட்பட்டன. கப்பல்களைப் பதிவுசெய்யக் கடற்படையின் உத்தியோகபூர்வப் படப்பிடிப்பாளர்கள் இருந்தனர். அவர்கள் எடுத்தவை இன்று இலண்டனிலுள்ள பேரரசுப் போர் அரும்பொருட்சாலையிற் பேணப்படுகின்றன. மாலுமியின் சொந்தக் கமராவுக்கு எஞ்சியவை கடற்கரையும் மான்களும் மலையும் கன்னியா வெந்நீர்க் கிணறுகளும், கப்பலருகே வள்ளத்தில் வந்து போனவர்களுமே. வீடு திரும்பியதும் அம்மாவுக்கும் காதலிக்கும் காட்டத்தக்கவை அவை. பாறையில் நின்று சிரிப்பவன் நான். இது நாங்கள் குளித்த இடம். இவர் எங்கள் துணி வெளுத்தவர்.

இவ்விருவகைப் படங்களுக்கும் இடையே விழுந்து மறைந்தது எது? சீனக்குடாக் காட்டுக்குள் ஏறத்தாழ நூறு இராட்சத எண்ணெய்க் குதங்கள் எழுந்தன. அவற்றை நிலத்தில் நிறுத்தியோர், கப்பலுக்குக் கரியும் எண்ணெயும் ஏற்றியோர், துறையிலே துருச் சுரண்டியோர், தளத்தின் சமையலறைகளில் வெந்தோர் எனத் தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் இந்தியாவிலிருந்து வந்த தொழிலாளரும் இங்கே உழைத்தனர். 1957 ஒக்டோபர் 15ஆம் திகதி, எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்காவின் ஆட்சியில், தளம் இலங்கையிடம் கையளிக்கப்பட்டது. அது நாட்டின் இறைமைக்குக் கிடைத்த வெற்றி; ஐயமில்லை. கொடி இறங்கியதற்கும் கொடி ஏறியதற்கும் படங்கள் உண்டு. தளத்தை நம்பி வாழ்ந்த குடும்பங்கள் அடுத்த மாதச் சம்பளத்தை எண்ணிக் கலங்கியதற்குப் படம் எங்கே?

*

பிறநாட்டார் எடுத்த படங்களெல்லாம் எம்மை இழித்தன என்று கூறுவது பொய்யாகும். ஒரு படம் எமக்கு எமது வரலாற்றையே மீட்டுத்தந்ததும் உண்டு.

ஏழாம் நூற்றாண்டிலே திருஞானசம்பந்தர் பாடிய தலம் கோணமாமலை. இடிக்கப்பட்ட கோயிலின் எச்சங்கள் கடலுட் கிடக்கின்றன என்பது ஊரார் வழிவழியாகச் சொல்லிவந்த செய்தி. 1950இல் கிணறு வெட்டும்போது கோயிலின் வெண்கலத் திருவுருவங்கள் நிலத்தடியிலிருந்து வெளிப்பட்டன. 1956இல், அவ்வாண்டு இலங்கையிற் குடியேறிய ஆங்கில எழுத்தாளர் ஆதர் சி. கிளார்க்கின் தோழரான மைக் வில்சன், மலையடியில் மூழ்கிச் செதுக்கிய கற்களையும் தூண் பகுதிகளையும் கண்டு நீருள் இயங்கும் கமராவாற் படமெடுத்தார். 1957இல் கிளார்க் வெளியிட்ட நூல் அச்செய்தியை உலகுக்கு அறிவித்தது. முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகச் செவிவழிச் செய்தியாக நின்றது கண்ணாற் காணும் சான்றாயிற்று. 1963இல் மலைமேல் புதிய கோயிலுக்குக் குடமுழுக்கு நடைபெற்றது.

இதற்கு நாம் நன்றியுடையோம். ஆனாலும் கேள்வி தீரவில்லை. அந்நூல் ஆங்கிலத்தில் வந்தது. இலண்டனிலும் நியூயோர்க்கிலும் வாசிக்கப்பட்டது. 1962இல் வில்சன் இயக்கிய 'ரன்முத்து தூவ' என்னும் திரைப்படம், முழுநீள வண்ணச் சிங்களப் படங்களுள் முதலாவது, இக்கடலின் அடியழகைத் தென்னிலங்கை மக்களுக்குக் காட்டியது. எமது திருக்கடலூர் மீனவரின் பிள்ளைகள், தம் தந்தையர் நாள்தோறும் வலைவீசும் நீருக்கு அடியில் என்ன இருக்கிறது என்பதை எந்தத் தமிழ்ப் பாடநூலின் பக்கத்திற் கண்டனர்? கண்டெடுத்தவன் பகிர்ந்தான், கடலுக்கு உரியவர்க்குப் பங்கு கடைசியாகவே வந்தது.

பங்கைத் தேடிச் சென்று பெற்றுவந்த தமிழர் ஒருவரை இங்கு நினைத்தல் தகும். ஏ. கே. செட்டியார் தோக்கியோவிலும் நியூயோர்க்கிலும் ஒளிப்படக்கலை பயின்றவர். தமிழிற் பயண நூல்கள் எழுதியவர். உலகின் பல பாகங்களில், பல படப்பிடிப்பாளர் பல காலங்களில் எடுத்த காந்தியடிகளின் படச்சுருள்களைத் தேடி நாடுநாடாக அலைந்தார். தேடியவற்றைக் கோத்து 1940இல் தமிழ் விளக்கவுரையோடு ஒரு முழுநீள ஆவணப்படமாகத் தந்தார். வெளியார் எடுத்துச் சென்ற படத்தை மீட்டுவந்து சொந்த மக்களுக்குச் சொந்த மொழியிற் காட்டுவது இயலாத செயலன்று என்பதற்கு அவர் வாழ்க்கையே சான்று.

*

படம் பிடிப்பவர் உள்ளூரவராயிருந்தால் என்ன நேரும் என்பதையும் இவ்வூர் அறியும்.

2006 ஜனவரி 2ஆம் திகதி மாலை, எமது கடற்கரையில் ஐந்து தமிழ் மாணவர்கள் கொல்லப்பட்டனர். அவர்கள் வைத்திருந்த கைக்குண்டே வெடித்தது என்று படைத்தரப்பிலிருந்து முதலிற் கூறப்பட்டது. சுப்பிரமணியம் சுகிர்தராஜன் என்னும் பத்திரிகையாளர் எடுத்த படங்கள், அவர்கள் துப்பாக்கியாற் சுடப்பட்டிருந்ததைக் காட்டின. அவை 'சுடர் ஒளி' நாளிதழில் வெளிவந்தன. அதே மாதம் 24ஆம் திகதி காலை, வேலைக்குப் புறப்பட்ட அவர் இந்நகரின் வீதியிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். மாணவர் கொலை வழக்கிற் குற்றஞ்சாட்டப்பட்ட விசேட அதிரடிப் படையினர் பதின்மூவரும், போதிய சான்று இல்லையென 2019 ஜூலையில் விடுவிக்கப்பட்டனர்.

அதே கடற்கரை, அதே மாலை வெயில். பயணி அங்கே படம் எடுத்தால் அது நினைவுப்பொருள். உள்ளூரவர் எடுத்தால் அது சாட்சியம். நினைவுப்பொருளுக்கு விலை ஒரு டொலராய் இருந்த காலமுண்டு. சாட்சியத்துக்கு விலை ஓர் உயிர். எமது ஊரின் படங்கள் ஏன் பெரும்பாலும் பிறர் கையிலேயே இருக்கின்றன என்று கேட்கும் மாணவர்க்கு இதனையும் சொல்லியாக வேண்டும். வசதியின்மை மட்டும் காரணமன்று, அச்சமும் காரணம்.

*

வள்ளத்தில் நின்ற மனிதரிடம் திரும்புவோம்.

அப்படத்தின் பிரதியை எடுத்துக்கொண்டு, தொண்ணூறை அணுகும் ஊர்ப் பெரியவர் ஒருவரிடம் சென்றோம். போர்க்காலத்திற் சிறுவனாய் உள்துறைமுகக் கரையில் ஓடித்திரிந்தவர் அவர். படத்தைக் கண்ணருகே பிடித்து நெடுநேரம் பார்த்தார். வள்ளத்தின் அமைப்பைச் சொன்னார். எந்தக் கரையிலிருந்து புறப்பட்டிருக்கும் என்றும் சொன்னார். பொதியை அவ்வாறு முடிச்சிட்டுக் கட்டினால் ஏணியில் ஏறும்போது நழுவாது என்று கையாற் செய்துகாட்டினார். எமக்கு மகிழ்ச்சி பெருகிற்று. ஆளை அறிவீர்களா என்று கேட்டோம்.

"ஆளைத் தெரியேல்லைத் தம்பி. கட்டாடி, வேறென்ன?" என்று கூறிப் படத்தைத் திருப்பித் தந்தார்.

வீடு திரும்பும் வழியெல்லாம் அவ்விடை எமது செவியில் ஒலித்துக்கொண்டிருந்தது. ஆங்கில மாலுமி பென்சிலால் எழுதிய அதே சொல்லைத்தான் எமது பெரியவரும் தமிழிற் சொன்னார். மாலுமி அறியாமல் விட்ட பெயரை நாம் அறிந்திருந்தோமா? அறிய விரும்பினோமா? ஒரு மனிதரைத் தொழிலாலும் சாதியாலும் அழைத்து, அவ்வளவு போதும் என்று அமைந்துவிட்ட வழக்கம் கப்பலேறி வந்ததன்று. அது எமது தெருவிலே, எமது முற்றத்திலே பிறந்தது. வெளிநாட்டுக் கமரா எம்மவரைப் பெயரற்றவராக்கியது என்று முழங்குவது எளிது. கமரா வருமுன்னரே பாதிப்பேரை நாம் பெயரற்றவராக்கி வைத்திருந்தோம் என்பதை ஒப்புக்கொள்வதே அரிது. முன்னதை மட்டும் பேசுவோர் தேசாபிமானியாகலாம், முற்போக்காளராகார்.

மறுநாள் ஆசிரியை தம் பயணப் படங்களை மீண்டும் ஒருமுறை காட்டினார். அவற்றுள் ஒன்றிலே, இலண்டன் தெருவொன்றில் விடியற்காலைப் பனியிற் குப்பை கூட்டும் ஒரு முதியவர் இருந்தார். நல்ல படம். இவர் யார் என்று எம்முள் ஒருவர் கேட்டார். தெரியாது என்று சொல்லிவிட்டு ஆசிரியை சற்றே மௌனமானார். எமது கையிலும் இப்போது கமரா இருக்கிறது. நிலாவெளியில் வந்து இறங்கும் பயணி மீன்காரரைப் படம் பிடிப்பது போலவே, நாமும் பிறநாட்டுத் தெருக்களிற் பிடித்து, அன்றிரவே உலகெல்லாம் அனுப்பிவிடுகிறோம். கருவியின் உரிமையாளர் மாறினால் மட்டும் பார்வை மாறிவிடுவதில்லை.

ஆகவே செய்யத்தக்கது யாது? பெரும் நிதியும் ஆணைக்குழுவும் வேண்டிய வேலையன்று இது. ஒவ்வொரு பாடசாலையிலும் ஓர் ஏடு போதும். மாணவர் தம் வீடுகளிலுள்ள பழைய படங்களைக் கொண்டுவரட்டும். மூலத்தை வீட்டாரிடமே விட்டுப் பிரதியை வைத்துக்கொள்வோம். படத்தில் நிற்பவர் எவர், எங்கே, எப்போது, என்ன வேலை என்று முதியோரிடம் கேட்டு எழுதட்டும். பிறநாட்டு அரும்பொருட்சாலைகளில் உள்ள திருகோணமலைப் படங்களின் பிரதிகளைக் கேட்டுப் பெறுவதற்குப் புலம்பெயர்ந்து வாழும் எம்மவர் உதவலாம். பெயர் தெரியாதபோது தெரியாது என்றே எழுதுவோம். சாதிப் பெயரை ஒருபோதும் மனிதப் பெயரின் இடத்தில் எழுதோம். தாம் பயணம் போகும்போது படம் பிடிப்பவரும், கமராவைத் திறக்குமுன் ஒரு வார்த்தை கேட்டுப் பழகட்டும்.

எமது பாடசாலையில் அவ்வேட்டைத் தொடங்கிவிட்டோம். முதற் பக்கத்தில் வள்ளத்துப் படத்தை ஒட்டி, பெயருக்குரிய இடத்தை வெறுமையாக விட்டோம். உயர்தர வகுப்பு மாணவி ஒருவர் அதன் பிரதியொன்றைக் கேட்டு வாங்கிச் சென்றார். ஏன் என்று நாம் கேட்கவில்லை. ஒரு கிழமை கழித்துத் திரும்பி வந்தார். அவருடைய பாட்டிக்குப் படத்திலுள்ளவரைத் தெரியவில்லை. ஆனால் பாட்டியின் தந்தையும் அந்நாட்களிற் கப்பல்களுக்குத் துணி வெளுத்தவராம். அவர் எந்தக் கிணற்றில் வெளுத்தார், எத்தனை மணிக்கு வள்ளத்தில் ஏறினார், கப்பல் சொல்லாமற் புறப்பட்டுவிட்டால் கூலி எவ்வாறு அழிந்தது என்பனவற்றையெல்லாம் பாட்டி சொல்ல, மாணவி இரண்டு பக்கங்களில் எழுதி வந்திருந்தார். மேலே அவருடைய முழுப்பெயர் இருந்தது.

அப்பெயரை இங்கே நாம் அச்சிடவில்லை. பாடசாலை ஏட்டில் மட்டும் இருக்கட்டும் என்பது பாட்டியின் விருப்பம். பங்கை எவ்வளவு, யாருடன் என்று முடிவுசெய்ய வேண்டியவர் அவரே. வள்ளத்தில் நிற்பவரின் பெயருக்குரிய இடம் இன்னும் வெறுமையாகவே இருக்கிறது. அதற்கு எதிர்ப்பக்கத்தில், மாணவியின் கையெழுத்தில், அவ்வேட்டின் முதற் பெயர் எழுதப்பட்டிருக்கிறது.